வைஃபை டாங்கிள் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

யுஎஸ்பி வைஃபை அடாப்டர், அதாவது கணினியின் போர்ட்டில் செருகி வைஃபை பிடிக்கும் டாங்கிள், வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது டிரைவரில்தான் (சாதனத்தை இயக்கக் கணினிக்குக் கற்றுத்தரும் மென்பொருள்). அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். அது பலிக்காவிட்டால் விண்டோஸையே புதிதாகப் போடுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டாங்கிள் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். கோளாறு எந்தக் கட்டத்தில் என்று பார்க்காமலே நடக்கிற வேலை இதெல்லாம்.

டாங்கிளைச் செருகியதிலிருந்து இணையப் பக்கம் திறக்கும்வரை ஐந்து காரியங்கள் வரிசையாக நடந்தாக வேண்டும். போர்ட்டிலிருந்து மின்சாரம் வர வேண்டும். டாங்கிள் தன் அடையாளத்தைக் கணினியிடம் சொல்ல வேண்டும். அந்த அடையாளத்துக்குப் பொருத்தமான டிரைவர் ஏறி, சிப்புக்குள் ஃபர்ம்வேரை (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல்) இறக்க வேண்டும். ரேடியோ விழித்து ரவுட்டரின் சிக்னலைக் கேட்க வேண்டும். கடைசியாக ரவுட்டர் அனுமதித்து ஐபி முகவரி தர வேண்டும். ஒன்று தவறினால் அடுத்தது நடக்காது. எதுவரை ஒழுங்காக வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கு முந்தையதையெல்லாம் நோண்ட வேண்டியதே இல்லை. கீழே அறிகுறிகளை ஏறத்தாழ அதே வரிசையில் வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ நேராக அங்கே போய்விடலாம்.

## செருகினால் ஒரு சலனமும் இல்லை

விண்டோஸில் எல்லாச் சாதனங்களையும் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு டாங்கிளைச் செருகுங்கள். பட்டியல் ஒருமுறை சிமிட்டி மறுபடி விரிகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால் ஏதோ செருகப்பட்டது கணினிக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த அறிகுறிக்குப் போங்கள். சிமிட்டவே இல்லை என்றால் டிரைவரை மறந்துவிடுங்கள். ஏனென்றால் டாங்கிள் வந்திருப்பதைக் கணினி கண்டுபிடிப்பதற்கு வைஃபை டிரைவர் தேவையே இல்லை. டாங்கிள் உள்ளே இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை, டேட்டா கம்பி ஒன்றின் மின்னழுத்தத்தை மேலே இழுத்துப் பிடிக்கிறது. அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் போர்ட் விழித்துக்கொள்கிறது. டிரைவரே இல்லாத டாங்கிளும் பட்டியலில் பெயர் தெரியாத சாதனமாகவாவது வந்து நிற்க வேண்டும்.

அதனால் சந்தேகப்பட வேண்டியவை மூன்றுதான்: போர்ட், இடையில் இருக்கும் கேபிள் அல்லது ஹப், டாங்கிள். அதே போர்ட்டில் ஒரு பென் டிரைவைப் போட்டுப் பாருங்கள், அதே டாங்கிளை வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். இரண்டே சோதனையில் குற்றவாளி தெரிந்துவிடும்.

டாங்கிளில் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து அதைச் செத்ததாக முடிவு செய்யாதீர்கள். பல டாங்கிள்களில் விளக்கை எரியவைப்பது சிப்தான், அதுவும் டிரைவர் ஏறிய பிறகுதான். விளக்கே வைக்காத மாடல்களும் உண்டு.

நீளமான டாங்கிள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். சும்மா செருகியிருக்கும்போது வராமல், ஒரு பக்கமாக லேசாக அழுத்திப் பிடித்தால் வருகிறது என்றால், உலோக முனை போர்டில் ஒட்டியிருக்கும் இடத்தில் சால்டர் விரிசல் விட்டிருக்கிறது. முழங்காலோ நாற்காலியோ இடித்துக்கொண்டே இருந்தால் இப்படித்தான் ஆகும். மேலுறையைக் கழற்றி அந்த நான்கு பின்களையும் திரும்பச் சால்டர் செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

## கோட் 43, அல்லது சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்ற அறிவிப்பு

கோட் என்பது டிவைஸ் மேனேஜர் காட்டும் பிழை எண். இங்கே செருகியது தெரிந்தது, ஆனால் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. செருகியவுடன் கணினி டாங்கிளை ரீசெட் செய்து, "நீ யார்?" என்று கேட்கும். பதிலாக டிஸ்க்ரிப்டர் என்ற சிறு தகவல் தொகுப்பு வர வேண்டும். அதில் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் இருக்கும். "டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு" என்று காட்டினால் அந்தப் பதில் வந்து சேரவில்லை. பெயரே தெரியாத சாதனத்துக்கு எந்த டிரைவரைப் போடுவது? இந்த இடத்தில் வைஃபை டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவுவது வெறும் கால விரயம்.

பெரும்பாலும் மின்சாரப் பற்றாக்குறைதான் காரணம். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒரு சாதனத்துக்கு 500 மில்லிஆம்ப் வரை தரும், யுஎஸ்பி 3.0 என்றால் 900 வரை. தனி பவர் அடாப்டர் இல்லாத ஹப்பில் இதையே கீபோர்டு, மவுஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் பங்குபோட்டுக்கொள்ளும். டெஸ்க்டாப்பின் முன்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலிருந்து ஒரு கேபிள் வழியாக வருகின்றன. அந்தக் கேபிள் மெலிதாகவோ தளர்ந்தோ இருந்தால் அங்கேயே மின்னழுத்தம் சரியும். ஹப்பை எடுத்துவிட்டு, கணினியின் பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் கணினியை அணைத்து, மின் இணைப்பையும் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையை வட்டில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். குழம்பிய நிலையும் அப்படியே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

## வைஃபைக்குப் பதில் சிடி டிரைவ் வந்து நிற்கிறது

இது கோளாறே அல்ல. சில டாங்கிள்கள் முதலில் தங்களை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும், டிரைவரை நிறுவும் நிரல் அதற்குள் இருக்கும். அதை ஓட்டி முடித்ததும் வேடத்தைக் கலைத்து வைஃபை அடாப்டராக மாறும். மாறவில்லை என்றால் அந்த டிரைவை எஜெக்ட் கொடுத்துப் பாருங்கள். லினக்ஸில் இந்த மாற்றத்தைச் செய்வதற்கென்றே யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் இருக்கிறது.

## மஞ்சள் முக்கோணம்

டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் மேல் மஞ்சள் முக்கோணம் நிற்கிறதா? இப்போதுதான் டிரைவரின் முறை. கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் டிரைவர் ஏறியது, ஆனால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை.

இங்கே செய்யும் பெரிய தவறு, பெட்டியில் அச்சடித்த மாடல் பெயரை வைத்து டிரைவர் தேடுவது. ஒரே மாடல் பெயரில், வெர்ஷன் 1 ஒரு சிப்பிலும் வெர்ஷன் 2 முற்றிலும் வேறு சிப்பிலும் வருவது இந்தச் சந்தையில் சர்வ சாதாரணம். நம்ப வேண்டியது சாதனமே சொல்லும் எண்ணை. டிவைஸ் மேனேஜரில் அதன் மேல் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடீஸ் என்று போனால் நான்கு நான்கு இலக்கங்களாக இரண்டு எண்கள் இருக்கும். முன்னது தயாரிப்பாளர், பின்னது சாதனம். அந்த ஜோடியைத் தேடினால் உள்ளே இருப்பது ரியல்டெக்கா மீடியாடெக்கா, எந்தச் சிப் என்பது தெரிந்துவிடும். டிரைவரைச் சிப்பின் பெயரில் தேடுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில்" போட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள். விளம்பரங்களையும் வேண்டாத நிரல்களையும் கூடவே கூட்டி வருபவை அவற்றில் பல.

நெட் இல்லாத கணினிக்கு நெட்டிலிருந்து எப்படி டிரைவர் இறக்குவது என்று திகைக்க வேண்டாம். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை (கைபேசியின் நெட்டைப் பகிரும் வசதி) ஆன் செய்யுங்கள். கணினி அதை ஒரு கம்பி வழி நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸ்காரர்களுக்கு இந்தப் பகுதியில் கூடுதல் தலைவலி உண்டு. இந்தச் சிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபர்ம்வேரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் நினைவகம் கிடையாது. ஒவ்வொரு முறை செருகும்போதும் டிரைவர்தான் அந்தக் கோப்பை எடுத்துச் சிப்பின் ராமுக்குள் ஊற்றுகிறது. டிரைவர் கெர்னலிலேயே இருந்தும் ஃபர்ம்வேர் கோப்பு நிறுவப்படாமல் இருந்தால், சாதனம் யுஎஸ்பி பட்டியலில் தெரியும், வைஃபை மட்டும் எழும்பாது. கெர்னல் பதிவில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினாலே போதும்.

நேற்றுவரை ஓடி, அப்டேட் செய்தபின் நின்றுவிட்டது என்றால், நீங்கள் வெளியிலிருந்து எடுத்துக் கம்பைல் செய்த டிரைவர் புதிய கெர்னலோடு பொருந்தவில்லை. டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக நிறுவியிருந்தால் கெர்னல் மாறும்போது அதுவே மறுபடி கட்டிக்கொள்ளப் பார்க்கும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். இந்த வம்பே வேண்டாம் என்பவர்கள் கெர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்பாகப் பார்த்து வாங்குவதே மேல். மீடியாடெக்கின் எம்டி7612யு, எம்டி7921ஏயு இரண்டும் அப்படிப்பட்டவை. ரியல்டெக் சிப்புகள் சிலவற்றுக்கு யுஎஸ்பி ஆதரவு கெர்னல் 6.2-ல்தான் உள்ளே வந்தது. அதற்கு முந்தைய கெர்னல் வைத்திருப்பவர்களுக்கு வெளி டிரைவர்தான் கதி.

## மற்ற வைஃபை எல்லாம் தெரிகிறது, என்னுடையது மட்டும் இல்லை

ஒரு நெட்வொர்க் தெரிந்தால்கூடப் போதும், டாங்கிளின் ரேடியோவுக்கு ஒரு குறையும் இல்லை. ரவுட்டர் வினாடிக்குப் பத்து முறை போலத் தன் பெயரை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பு எந்தச் சேனலில் (அலைவரிசையை எண்ணிட்டுப் பிரித்த துண்டுகளில் ஒன்று) போகிறதோ அந்தச் சேனலை டாங்கிள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் சந்தேகம் அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த டாங்கிளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் இல்லாத ஒன்று. பெட்டியில் வேகம் 150 அல்லது 300 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்) என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் அந்த ரகம். 6 கிகாஹெர்ட்ஸ் பிடிக்க டாங்கிள் வைஃபை 6இ ஆகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும், விண்டோஸும் 11 ஆக இருக்க வேண்டும்.

அலைவரிசை சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் சேனலைப் பாருங்கள். 2.4-ல் 12, 13 ஆகியவற்றைச் சில நாடுகளுக்கான டாங்கிள்கள் தொடுவதே இல்லை. 5-ல் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை, எல்லா டாங்கிளும் அவற்றைக் கேட்பதில்லை. ரவுட்டரில் சேனலை "ஆட்டோ" என்று விட்டிருந்தால், ஒரு நாள் தெரிந்து மறுநாள் காணாமல் போகும் மர்மத்துக்கு இதுதான் விடை. 2.4-ல் 1, 6, 11-ல் ஒன்றும், 5-ல் 36-ம் வைத்துப் பாருங்கள்.

## பாஸ்வேர்டு சரி, ஆனாலும் இணைய மறுக்கிறது

ரவுட்டர் டபிள்யூபிஏ3 (வைஃபையின் புதிய பாதுகாப்பு முறை) மட்டும் என்ற நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலாண்மைச் செய்திகளைக் குறியாக்கிக் காக்கும் வசதி கட்டாயம். பழைய சிப்புகளும் பழைய டிரைவர்களும் அதில் தடுக்கி விழும், விண்டோஸோ வெறுமனே "இணைய முடியவில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் உள்ளே விடும். ரவுட்டரில் எதையாவது மாற்றியபின், கணினியில் அந்த நெட்வொர்க்கை "ஃபர்கெட்" கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். பழைய அமைப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு அடம்பிடிக்கும் வழக்கம் அதற்கு உண்டு.

## இணைந்திருக்கிறது, நெட் இல்லை

ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். முகவரி ஒழுங்காக வந்தும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால் அதே வைஃபையில் கைபேசியைச் சோதியுங்கள். அதிலும் வராவிட்டால் டாங்கிளைக் குறை சொல்லி என்ன பயன்? கைபேசியில் வந்து கணினியில் வரவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் அமைப்பு), பழைய விபிஎன் மிச்சங்கள், கையால் போட்டு மறந்த ஐபி அமைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். டாங்கிள் தன் வேலையை முடித்துவிட்டது.

## அடிக்கடி அறுந்து அறுந்து வருகிறது

அறுவது யுஎஸ்பி பக்கமா ரேடியோ பக்கமா என்பதை முதலில் பிரியுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்தே வைத்திருங்கள், ஸ்பீக்கரையும் ஆன் செய்து வையுங்கள். இணைப்பு போகும்போது பட்டியல் சிமிட்டி, சாதனத்தைப் பிடுங்கும்போது வரும் ஒலியும் கேட்டால் டாங்கிள் கணினியிடமிருந்தே கழன்றுவிட்டுத் திரும்பி வருகிறது. சத்தமில்லாமல் வைஃபை மட்டும் போனால் ரேடியோவில்தான் பிரச்சினை.

யுஎஸ்பி பக்கம் என்றால் மறுபடியும் மின்சாரம்தான். அடுத்தது தூக்கம். சும்மா இருக்கும் சாதனத்தை விண்டோஸ் உறங்க வைக்கும், சில டாங்கிள்கள் அந்த உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுவதில்லை. அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் பிளானில் "யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்" என்பதையும் நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் விட்டுத் திரும்பி வரும்போது மட்டும் அறுந்திருக்கிறது என்றால் கிட்டத்தட்ட உறுதியாக இதுதான்.

பெரிய கோப்பு இறங்கும்போது மட்டும் அறுந்தால் தொட்டுப் பாருங்கள். விரல்நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள் ரேடியோவும் செயலியும் அடைந்து கிடக்கின்றன, வெப்பம் போக வழியில்லை. வெதுவெதுப்பு சகஜம். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் லேப்டாப்பின் சூடான காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

ரேடியோ பக்கம் என்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள். ரேடியோ அறுவதற்கும் வேகம் குறைவதற்கும் காரணங்கள் ஒன்றே.

## சிக்னல் ஃபுல்லாக இருக்கிறது, வேகம் இல்லை

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். ஏசி600 என்று பெட்டியில் போட்டிருப்பது 2.4-ல் 150, 5-ல் 433 எம்பிபிஎஸ் என்ற இரண்டையும் கூட்டி, ஏற்றிச் சொன்ன கணக்கு. ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் டாங்கிள் இருக்கும், ஆக 600 ஒருநாளும் வராது. ஏசி1200-ம் அப்படியே, 300-ம் 867-ம். இவையும் காற்றில் போகும் மொத்த வேகம். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது என்று பதில் வர வேண்டும், இடையில் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் போக நம் கைக்கு வருவது பாதியும் அதற்குச் சற்று மேலும்தான். 433 இணைப்பில் 200 சொச்சம் கிடைத்தால் டாங்கிள் நன்றாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அடுத்து யுஎஸ்பி. யுஎஸ்பி 2.0-வின் 480 எம்பிபிஎஸ்ஸும் ஏட்டுக் கணக்குதான், நடைமுறையில் 300-ஐத் தாண்டுவதே பெரிய விஷயம். 867 இணைப்பு காட்டும் டாங்கிள் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் இருந்தால் மிச்சமெல்லாம் வீண். இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. யுஎஸ்பி 3.0 முனைக்குள் எட்டிப் பார்த்தால், முன்னால் பழைய நான்கு தொடுபுள்ளிகளும் அவற்றுக்குப் பின்னால் உள்ளே தள்ளி இன்னும் ஐந்தும் இருக்கும். தயங்கித் தயங்கி மெதுவாகச் செருகினால் முன்னால் இருக்கும் நான்கு முதலில் தொட்டுவிடும், கணினி அதை யுஎஸ்பி 2.0 சாதனமாகவே பதிந்துகொண்டுவிடலாம். நீல போர்ட்டில் போட்டும் வேகம் பாதியில் நிற்கிறது என்றால், பிடுங்கிவிட்டு ஒரே மூச்சில் அழுத்திச் செருகிப் பாருங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸிலோ யுஎஸ்பி 3.0-வே எதிரி. அதில் தகவல் வினாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது, போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் சாதனத்திலிருந்தும் அகலமான ரேடியோ இரைச்சல் கசிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அந்த அகலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. இன்டெல் 2012-ல் வெளியிட்ட அறிக்கையில், யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்ததும் அந்த அலைவரிசையில் இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபல் உயர்ந்ததைக் காட்டியிருக்கிறார்கள். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்திருந்தும் வேகம் தவழ்வது இதனால்தான். கோடுகள் சிக்னலின் பலத்தை மட்டும் காட்டும், அதன் மேல் படிந்திருக்கும் இரைச்சலைக் காட்டாது. ஹார்ட் டிஸ்க்கில் கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் நெட் படுத்துவிடுகிறது, ப்ளூடூத் மவுஸும் திக்குகிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

தீர்வு ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். ஒரு மீட்டர் போதும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இரைச்சல் வரும் இடத்திலிருந்து டாங்கிள் விலகிப் போகிறது. அதோடு, டெஸ்க்டாப்பின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒளிந்திருந்த ஆண்டெனா மேசை மேலே வெளிச்சத்துக்கு வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு சுமார் 3 சென்டிமீட்டர். நகம் அளவு நானோ டாங்கிளில் அந்த நீளத்தை வளைத்து நெளித்துத்தான் அடைத்திருக்கிறார்கள், அதுவும் பெட்டியின் இரும்பை ஒட்டியபடி. பத்திருபது சென்டிமீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். கேபிள் நன்றாக ஷீல்டு செய்ததாக இருக்கட்டும். மெலிந்த கேபிள் கோட் 43-ஐத் திரும்பக் கூட்டி வந்துவிடும்.

5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதற்கு மாறுவது இன்னொரு வழி, இரைச்சல் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் அது சோடை. ஒரே பெயரில் இரண்டு அலைவரிசையையும் விடும் ரவுட்டர் என்றால், அடாப்டரின் அட்வான்ஸ்டு பகுதியில் 5-ஐ முன்னுரிமையாக வைக்க முடிகிறதா என்று பாருங்கள், அல்லது ரவுட்டரில் பெயர்களைப் பிரித்துவிடுங்கள்.

இணைப்பு வேகம் சரியாக 72 என்று காட்டிக்கொண்டு மேலே ஏற மறுத்தால் டாங்கிள் பழுதில்லை. ஒற்றை ஆண்டெனா கொண்ட 802.11என் (வைஃபை 4) டாங்கிள் 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் தரக்கூடிய உச்சமே 72.2 தான். அகலத்தை 40 ஆக்கினால் 150 வரும். அக்கம்பக்கத்தில் நிறைய வைஃபை இருக்கும் இடத்தில் அதைச் செய்தால் எல்லோருடைய வேகமும் கெடும், உங்களுடையதும் சேர்த்து.

## எப்போது மாற்றுவது

இரண்டு கணினிகளில், நேரடிப் போர்ட்டில், கோட் 43 தொடர்ந்து வந்தால் மாற்றிவிடலாம். ஃபர்ம்வேர் ஏறி, அடாப்டர் பட்டியலில் மஞ்சள் முக்கோணம் இல்லாமல் நின்று, ரவுட்டருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தும் ஒரு நெட்வொர்க்கும் தெரியவில்லை என்றால் ரேடியோ பகுதி போயிருக்கிறது, அதையும் மாற்றலாம். மற்ற எந்த அறிகுறிக்கும் புது டாங்கிள் வாங்குவதற்கு முன் எக்ஸ்டென்ஷன் கேபிளும் வேறு போர்ட்டும் பார்த்தாகிவிட்டதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.